பன்னிரண்டாவது வட்டம்

அத்தியாயம் 17

போன வாரம் நம் கதையின் அக்காவை ஆய்வகத்து வாசலில் நிறுத்திவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். "ஒரு வாரமாகக் கால் கடுக்க நிற்கிறாள், உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா?" என்று ஒரு வாசகி கடிதத்தில் கேட்டிருக்கிறார். நியாயமான கோபம்தான். இன்றைக்கு அவளை அங்கிருந்து நகர்த்திவிடுகிறேன். ஆனால் நகரும் இடம் இதைவிட மோசமானது. அதற்காக என்னை வையாதீர்கள்.

நடந்தது இதுதான். அக்கா வேலை பார்க்கும் கல்லூரியின் முன்கூடத்தில் ஒரு பெரிய படம் மாட்டப்போகிறார்கள். பெருந்தொற்று வந்த வருஷம் சேர்க்கை என்ன ஆனது என்பதை, போகிற வருகிறவர் நின்று பார்த்தால் புரியும்படி காட்டுகிற படம். சேர்க்கைப் பிரிவின் பதிவேடுகள் அவள் பொறுப்பு என்பதால் வரைகிற வேலையும் அவளுக்கே வந்தது. இடம் கிடைத்த ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம். வந்து சேர்ந்திருந்தால் நிரப்பிய வட்டம். சேராமல் போயிருந்தால் வெறும் வளையம்.

அதைப் பார்த்துவிட்டு ஆய்வக ஆசிரியர் அவளை வாசலில் நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்டார். மாணவர்கள் அவரை 'ஸ்லைடு சார்' என்பார்கள். எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்த அந்த வருஷம், தன் மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடித் தகடுகளைப் பெட்டியில் கட்டி வீட்டுக்கே அனுப்பி வைத்த மனுஷர்.

"எனக்கு அந்த வருஷம் பதினோரு பேர்தாம்மா. நீ பன்னிரண்டு வட்டம் நிரப்பியிருக்கே. இடம் பன்னிரண்டுன்னு பெட்டி பன்னிரண்டு கட்டினேன், நிஜம். ஒண்ணு போகவே இல்ல. அந்தப் பன்னிரண்டாவது பிள்ளை யாரு?"

அவருக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அது அவள் தம்பி.

*

வெள்ளிக்கிழமை காலை. மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. ஜன்னலோரம் அம்மாவின் தையல் மெஷின். மருத்துவமனைக் கட்டில்களுக்கு இடையே தொங்கவிடும் திரைத்துணிகளுக்கு ஓரம் அடிப்பது அம்மாவின் வேலை. நீலத்துணி தரையெல்லாம் வழிந்து கிடந்தது.

தம்பி நின்றபடியே ரொட்டியைக் கடித்துக்கொண்டு கையுறை தேடினான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கூடமாட வேலைக்குப் போனவன், இப்போது தனியாகப் போய் வேலையை முடித்துவிட்டு வருகிறான்.

"ஊரையே மேல ஏத்தி இறக்கறேன். நம்ம வீட்டுக்கு மட்டும் நாப்பத்தெட்டு படி" என்றான்.

"ஏறு. அப்பத்தான் உடம்பு இளைக்கும்" என்றாள் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இதுக்கு மேல இளைச்சா கதவிடுக்குல விழுந்துடுவேன். அக்கா, என்ன நீ இன்னிக்கு என்னை ஒண்ணும் சொல்லல? உடம்பு சரியில்லையா?"

"தலைவலி" என்றாள் அக்கா. பொய் அவளுக்கு எப்போதும் இரண்டு எழுத்திலிருந்து நாலு எழுத்துக்குள் முடிந்துவிடும். நீட்டிச் சொல்ல வராது.

அவன் படியிறங்கும் சத்தம் அடங்குகிறவரை இருந்துவிட்டு அக்கா சொன்னாள்: "அம்மா, இன்னிக்கு நாலு மணிக்குப் படம் பிரிண்டுக்குப் போகுது."

மெஷின் நின்றது.

"போகட்டும். அதுல பேர் கிடையாதுன்னு சொன்னியே?"

"வட்டம் மட்டும்தான்."

"அப்புறம் என்ன? எத்தனை வட்டம் இருக்கு?"

"அந்த வருஷத்துக்கு மட்டும் அறுநூத்தி நாப்பது."

"அறுநூத்தி நாப்பதுல ஒண்ணு. எவன் வந்து எண்ணப் போறான்?"

"ஸ்லைடு சார் எண்ணிட்டாரேம்மா."

அம்மா துணியை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக அந்த வாரத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், தம்பிக்குப் பதினெட்டு வயது. மருத்துவ ஆய்வகப் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. இருபத்து நாலு பேர் படிக்கும் வகுப்பு அது. தள்ளித் தள்ளி உட்கார வேண்டும் என்று அந்த வருஷம் பாதியாக வெட்டிவிட்டார்கள். வெறும் பன்னிரண்டு இடம். அதில் பன்னிரண்டாவது பெயர் அவனுடையது. அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பட்டியலைச் செல்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் காய்ச்சலில் விழுந்தார். ஒன்பதாம் நாள் போய்விட்டார். முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை.

சேர வேண்டிய கடைசி நாள், அப்பா போன ஆறாவது நாளில் வந்தது. தம்பி அதற்கு முந்தின நாளே வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டான். "நான் சேரலன்னு போட்டுடு அக்கா. எடத்தை வேற யாருக்காவது கொடுக்கச் சொல்லு" என்றான். அக்கா "சரி" என்றாள்.

அலுவலகமே வீட்டுக்குள் இருந்த காலம். சமையலறை மேஜையில் கணினியை வைத்துக்கொண்டு அவள்தான் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் 'சேர்ந்தார்', 'சேரவில்லை' என்று போட்டுக்கொண்டிருந்தாள். தம்பியின் பெயர் வந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள். "விட்டுடாதேடி" என்றாள். அவ்வளவுதான். அக்கா 'சேர்ந்தார்' என்று போட்டுவிட்டாள்.

ஒரு மாதத்தில் அவன் மனம் மாறும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஒரு மாதம் ஒரு வருஷமாயிற்று. பாதிப் பேர் கணினித் திரையிலேயே வராத அந்த வருஷத்தில் அவனை யாரும் தேடவில்லை. பிறகு ஒவ்வொரு வருஷமும் அவன் பெயருக்கு எதிரில் 'நீண்ட விடுப்பு' என்று போட்டு வந்தாள். விடுப்பு ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். இந்த மாதத்தோடு அதுவும் முடிகிறது.

"நான்தான் சொன்னேன். இல்லன்னு சொல்லல" என்றாள் அம்மா. "அன்னிக்கு உங்க அப்பா விட்டுட்டுப் போனதுல மிச்சம் இருந்தது அவன் படிப்பு ஒண்ணுதான். அதையும் நாமளே அழிச்சுடக் கூடாதுன்னு சொன்னேன். அது தப்பாடி?"

அக்கா தரையில் கிடந்த நீலத்துணியை ஒதுக்கி வைத்தாள். தப்பா, இல்லையா, எனக்கே தெரியவில்லை.

"நீ இப்ப மாத்தப் போனா ஏன்னு கேப்பாங்க. வேலை போயிடும். அவனுக்கும் தெரிஞ்சுடும். எல்லாத்தையும் கொட்டிக் கவிழ்த்துட்டு அப்புறம் உனக்கு என்ன கிடைக்கப் போகுது, பெரியவளே?"

"ஒண்ணும் கிடைக்காதும்மா" என்று சொல்லிவிட்டு அக்கா பையை எடுத்துக்கொண்டாள்.

*

கல்லூரியில் அவள் மேஜைக்கு எதிர்ச்சுவரில் படத்தின் மாதிரித் தாள் ஒட்டியிருந்தது. ஆள் உயரம். எட்டு வருஷத்துக்கு எட்டுப் பத்தி. முதல் மூன்று பத்திகளில் வட்டங்கள் அடைத்து நின்றன, அங்கங்கே ஒன்றிரண்டு வளையம். நாலாவது பத்தி பூச்சி அரித்த துணி மாதிரி இருந்தது. அதற்கப்புறம் மெல்ல மெல்ல நிரம்பிக்கொண்டே வந்து எட்டாவதில் பழையபடி ஆகிவிட்டது.

பதிவாளர் முதலில் இப்படிக் கேட்கவில்லை. "ஒரு கோடு போதும். இறங்கும், ஏறும். பார்க்கறவங்களுக்கு உடனே புரியும்" என்றார். அறுபதை நெருங்கும் பெண்மணி. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அன்றைக்கு ஆச்சரியம், அக்கா எதிர்த்துப் பேசினாள். "கோடு ஏறிடுச்சு மேடம். ஆனா விழுந்தவங்க ஏறலையே. இப்ப வந்திருக்கறவங்க வேற பிள்ளைங்க. அன்னிக்கு ஸ்கூல்ல படிச்சுக்கிட்டு இருந்தவங்க. கோட்டைப் பார்த்தா எல்லாரும் திரும்பி வந்துட்ட மாதிரி இருக்கும்."

பதிவாளர், "சரி, ஆளுக்கு ஒரு வட்டம் போடு" என்றார். அந்தப் பெருமையில் ஒரு வாரம் ஓடியது. இப்போது அதே வட்டம்தான் அவள் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

பதினோரு மணிக்கு அச்சகத்திலிருந்து போன். நாலு மணிக்குள் கோப்பு வந்தால்தான் திங்கட்கிழமை உலோகத் தகட்டில் அடித்துக் கொடுக்க முடியும் என்றார்கள். போனை வைப்பதற்குள் பதிவாளர் சான்றுத் தாளோடு வந்து நின்றார். அந்த வருஷம் இடம் பெற்றவர்கள் 640. சேர்ந்தவர்கள் 417. கீழே அவர் கையெழுத்துக்கு இடம்.

"எல்லாம் சரிதானே? போட்டுடட்டுமா?"

'சரி' என்று சொன்னால் போதும். இரண்டு எழுத்து. அவளுக்குப் பழகிய அளவு.

"மூணு மணி வரைக்கும் டைம் கொடுங்க மேடம். ஒரு வட்டத்தைச் சரி பார்க்கணும்."

"ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னாலும் பார்த்துட்டே வா. நான் கையெழுத்துப் போடறது கடைசி எண்ணுக்கும் சேர்த்துத்தான்" என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா தம்பிக்குப் போன் செய்தாள். "எங்க இருக்கே?"

"ஆஸ்பத்திரியில. பயப்படாதே, ஸ்ட்ரெச்சர் லிஃப்டு மக்கர் பண்ணுது. அதுக்கு வைத்தியம் பார்க்க வந்திருக்கேன்."

"அங்கேயே இரு. வரேன்."

*

ஒன்பதாவது மாடிக்கு மேலே இயந்திர அறை. லிஃப்டை அவன் நிறுத்தி வைத்திருந்ததால் அவள் படியேறியே வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"என்ன அக்கா, எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தியா?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "அம்மாவுக்கு என்ன?"

"அம்மா நல்லா இருக்காங்க. நீ உட்காரு."

அறையில் எண்ணெய் வாசனை. பெரிய சக்கரத்தில் கம்பி வடங்கள் அசையாமல் தொங்கின. கருவிப் பெட்டி மேல் அவன் உட்கார்ந்தான். அவள் நின்றுகொண்டே சொன்னாள். ஏற்கெனவே பத்துத் தடவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துபோய், தலை வால் புரியாமல், நடுவில் ஆரம்பித்து முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தாள்.

அவனுக்குப் புரியச் சற்று நேரமானது.

"அப்ப நான் சேர்ந்துட்டேன்னா இருக்கு?"

"ஆமா."

"அஞ்சு வருஷமா?"

"நீண்ட விடுப்புல இருக்கே. நீ வரேன்னு சொன்னா உடனே சேர்த்துடலாம்னு... ஒவ்வொரு வருஷமும் உன்கிட்ட சொல்லணும்னு நினைப்பேன். நீ களைச்சுப்போய் வந்து படுப்பே. அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு விட்டுடுவேன்."

கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி எறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் பழைய துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"அங்க யாரும் உட்காரலையா, அக்கா?"

"எங்க?"

"என் எடத்துல."

"இல்ல."

"ஒருத்தரும்?"

"மூணு வருஷமும் காலியாத்தான் இருந்துச்சு. அப்புறம் அந்த வகுப்பே முடிஞ்சுபோச்சு."

அவன் தலையாட்டினான். ஏதோ அளவெடுத்துச் சரியாக வராதவன் மாதிரி மறுபடியும் ஆட்டினான்.

"நான் எதை வச்சு இத்தனை நாள் ஓட்டினேன்னு தெரியுமா உனக்கு?" என்றான். குரல் ஏறவே இல்லை. "முதல் வருஷம் லிஃப்ட் குழிக்குள்ள இறங்கும்போது பயமா இருக்கும். மேல பெட்டி தொங்கும். அப்பல்லாம் ஒண்ணு நினைச்சுப்பேன். நான் விட்ட எடத்துல யாரோ ஒருத்தர் படிச்சுக்கிட்டு இருக்காங்க. அப்பா செத்ததுல நம்ம வீட்டுக்குத்தான் போச்சு, வேற ஒரு வீட்டுக்காவது அதுல ஒண்ணு கிடைச்சுது. அப்படி நினைச்சா கை நடுங்காது."

"டேய்..."

"இரு, சொல்லி முடிச்சுடறேன். இந்த ஆஸ்பத்திரி ரெண்டாவது மாடியில லேப் இருக்கு. எப்ப வந்தாலும் எட்டிப் பார்ப்பேன். என் வயசுல யாராவது இருந்தா, இவங்களா இருக்குமோன்னு பார்ப்பேன். கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு இருக்கு. அதுதான்னு நானே முடிவு பண்ணிட்டேன். அது லிஃப்டுல ஏறினா நான்தான் பட்டனை அமுக்கி விடுவேன். அதுக்கு நான் யாருன்னே தெரியாது. எனக்கு மட்டும் சந்தோஷமா இருக்கும்."

அக்கா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனுக்காகத்தான் செய்தோம் என்று ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். அவனிடம் இருந்த ஒரே ஆறுதலை, அது அவனிடம் இருக்கிறது என்பதே தெரியாமல், முதல் நாளிலேயே பிடுங்கிவிட்டாள். அழுகை வந்தது. அழுதாள்.

அவன் தண்ணீர் பாட்டிலை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"எனக்கு அடுத்து யாரு?"

"காத்திருப்போர் பட்டியல்ல முதல் பேர். பதிமூணாவது. நீ சேரலன்னு நான் போட்டிருந்தா அன்னிக்கே அவங்களுக்குப் போயிருக்கும்."

"பேரு?"

"பார்க்கல. பார்க்கத் தைரியம் வரல."

"பாரு" என்றான். பிறகு, "அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

பாருங்கள், மறுபடியும் நாலு எழுத்து. ஒரு பொய்யைத் திருத்துவதற்கு ஒன்பது மாடி ஏறி வந்தவள், இறங்குவதற்குள் இன்னொன்றைச் சொல்லி வைத்தாள். அம்மாவைக் காப்பாற்றத்தான். இந்த வீட்டில் ஒருவரை ஒருவர் காப்பாற்றியே கெடுத்துக்கொள்கிறார்கள்.

*

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அக்கா பதிவாளர் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே போனதும் உட்காரவில்லை.

"நானூத்தி பதினேழு இல்ல மேடம். நானூத்தி பதினாறு. அந்த ஒண்ணு என் தம்பி. அவன் சேரவே இல்ல. தெரிஞ்சே நான்தான் போட்டேன்."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். வெளியே யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் வந்து நின்றது.

"உன் தம்பிக்குச் சொல்லிட்டியா?"

"அங்கிருந்துதான் வரேன்."

"என்ன சொன்னான்?"

"அடுத்த ஆள் யாருன்னு கேட்டான்."

"அந்த வருஷம் நானும் எத்தனையோ தப்புப் பண்ணேன்" என்றார் பதிவாளர். "என் அண்ணன் சாவுக்குப் போகல. பக்கத்து வீட்டுல உதவின்னு கேட்டாங்க, கதவைத் திறக்கல. ஆனா பதிவேட்டுல கை வைக்கல. அது ஒண்ணையாவது ஒழுங்கா வச்சிருந்தோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

பதிவாளர் சான்றுத் தாளை எடுத்தார். 417ஐ அடித்து 416 என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். கீழே முழுக் கையெழுத்து.

"போய் வட்டத்தை மாத்து. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

நாலாவது பத்தி, ஆய்வகப் படிப்பின் வரிசை, கடைசி வட்டம். அதைத் தொட்டு நிறத்தை எடுப்பதற்கு இரண்டே சொடுக்கு. ஐந்து வருஷம் கட்டிக் காத்தது இரண்டு நொடியில் வளையமாயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் படத்தில் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. பூச்சி அரித்த துணியில் இன்னொரு ஓட்டை, அவ்வளவுதான். மூன்றே முக்காலுக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போனது.

"நிர்வாகக் குழுவுக்கு நான் எழுதித்தான் ஆகணும்" என்றார் பதிவாளர்.

"தெரியும் மேடம்."

"திங்கட்கிழமை வராதே. கூப்பிட்டா வா. கூப்பிடாமலும் போகலாம்."

"சரி மேடம்."

"சாவியை வச்சுட்டுப் போயிடாதே. இன்னும் ஒரு வேலை இருக்கு." பதிவாளர் அலமாரியைத் திறந்து அந்த வருஷத்துக் கோப்பை இழுத்தார். "அந்த அடுத்த பிள்ளைக்குத் தபால்ல எழுதினா பத்து கை மாறிப் போகும். இப்பவே, இங்கிருந்தே, நீயே பேசு."

"என்னன்னு பேசறது மேடம்?"

"நடந்ததைச் சொல்லு. மன்னிப்புக் கேளு. அதுக்கு நம்ம விண்ணப்பத்துல கட்டம் இல்ல, இருந்தாலும் கேளு. இந்த வருஷச் சேர்க்கைக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு, வயசு வரம்பு இல்லன்னும் சொல்லு. அதுக்கு மேல நம்மகிட்ட கொடுக்க ஒண்ணும் கிடையாது."

அப்போது கதவருகில் தம்பி வந்து நின்றான். வேலைச் சீருடையிலேயே வந்திருந்தான். முழங்கையில் கறுப்பு எண்ணெய். பதிவாளரைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு அக்காவிடம் வந்தான்.

"வீட்டுக்குப் போயிட்டுத்தான் வரேன்" என்றான் மெதுவாக. "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னியே. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்களே சொல்லிட்டாங்க. அழுதாங்க. நீ மாத்திட்டியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நீ மாத்தியிருப்பேன்னு சொன்னேன். போனைப் போடு."

அவன் குரலில் மன்னிப்பு இல்லை. ஆனால் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான். இன்றைக்கு அதுவே பெரிது என்று அக்காவுக்குத் தோன்றியது.

கோப்பில் பதிமூன்றாவது விண்ணப்பம். படத்தில் ஒரு பெண், பள்ளிச் சீருடையில், சிரிக்காமல். அப்பா பேர் இருந்த கட்டத்துக்கு எதிரில் தொழில்: கட்டடத்துக்கு வர்ணம் அடிப்பவர். பெண்ணுக்கென்று தனியாகத் தொலைபேசி எண் எதுவும் இல்லை. அப்பாவின் எண்ணைத்தான் எழுதியிருந்தார்கள். அதன் ஓரத்தில் குட்டி எழுத்தில், 'பகலில் எடுக்காவிட்டால் மாலையில் மறுபடியும் கூப்பிடவும், தயவுசெய்து' என்று இருந்தது.

அக்கா எண்களை அழுத்தினாள். எண் மாறியிருக்கும், ஐந்து வருஷமாயிற்றே, மாறியிருந்தால் நல்லது என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. மணி அடித்தது. நாலு தடவை அடித்தது.

"ஹலோ, யாருங்க?" வயதான ஆண் குரல். பின்னால் ஏணியை இழுக்கும் சத்தம்.

"வணக்கங்க. நான் காலேஜ்ல இருந்து பேசறேன். சேர்க்கைப் பிரிவு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி உங்க பொண்ணு..."

"எந்தக் காலேஜ்?"

சொன்னாள்.

ஏணிச் சத்தம் நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ என்று அக்கா தம்பியைப் பார்த்தாள். பிறகு அந்த மனிதர் போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு உரக்கக் கூப்பிடுவது கேட்டது. சின்னப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார்.

"பாப்பா, வேலையைப் போட்டுட்டு இங்க வா. சீக்கிரம் வா. காலேஜ்ல இருந்து கூப்பிடறாங்க. உன் முறை வந்துடுச்சாம்."

யாரோ ஓடி வரும் காலடி கேட்டது. அக்கா ரிசீவரைக் காதிலிருந்து இறக்கிவிட்டாள்.

தம்பி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டான்.

"நான் பேசறேன்க்கா" என்றான்.